நாயைப் பற்றி யார் சொல்வதைக் கேட்பது?

மீளக் குடியமரும் ஒரு குடும்பம் காணியைத் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, கிணற்றை இறைத்து முடித்ததும் அடுத்துத் தேடுவது ஒரு நாய்க்குட்டியை. காரணத்தை எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலி இன்னும் அடைபடவில்லை. சுற்றியுள்ள வளவுகள் பற்றை மண்டிக் கிடக்கின்றன. மரவள்ளிக்குப் பன்றி வரும். கோழிக்குக் கீரியும் நரியும் வரும். கச்சானுக்கும் சோளத்துக்கும் குரங்கு வரும். இரவில் படலையடியில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கேளாத அந்த ஆள் நாய்தான்.

குட்டி வந்து சேரும் அன்றே ஆலோசனைகளும் வந்து சேர்ந்துவிடும். பட்டினி போட்டு வளர்த்தால்தான் காவல் நாயாகும் என்பார் ஒருவர். சோற்றோடு மிளகாயைப் பிசைந்து கொடுத்தால் மூர்க்கம் வரும் என்பார் இன்னொருவர். இரவும் பகலும் சங்கிலியில் கிடக்க வேண்டும் என்பார் மற்றொருவர். சொறிக்குக் கழிவு ஒயில், உண்ணிக்குப் பயிருக்கு அடிக்கும் மருந்து, கடித்த காயத்துக்குக் கோப்பித்தூள் என்று பட்டியல் நீளும். இவற்றைச் சொல்பவர்கள் எவரும் எமக்குத் தீங்கு நினைப்பவர்களல்லர். ஆயினும் சொல்பவரின் நல்லெண்ணம் வேறு, சொல்லின் உண்மை வேறு.

பழைய ஊரில் இது இவ்வளவு சிக்கலாக இருக்கவில்லை. மாட்டுக்கு வருத்தமென்றால் யாரிடம் போவது, விதைநெல் பற்றி யாருடைய வார்த்தை நிற்கும், யார் வாய்வீரம் மட்டும் பேசுபவர் என்பதெல்லாம் மூன்று தலைமுறையாகப் பழகித் தெரிந்தவை. 1995 ஆம் ஆண்டு வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்டவர்களும், 2009 வரை வன்னியில் இடம்விட்டு இடம் ஓடியவர்களும் இழந்தது வீட்டையும் மாட்டையும் மட்டுமல்ல; யாரைக் கேட்கலாம் என்ற அந்த அறிவையும் இழந்தார்கள். இன்று ஒரே ஒழுங்கையில் நாலு ஊர்ச் சனம் குடியிருக்கிறது. நாலு ஊரின் வழக்கங்களும் அங்கே உள்ளன. எது அனுபவம், எது வெறும் கதை என்று பிரித்தறிய முடியாமல் இருக்கிறது. அதற்கு மேலாகக் கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளும் சேர்ந்துகொண்டன.

எந்த ஆலோசனை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது சரியா பிழையா என்பதல்ல. அதை உடனே கண்டறிவது கடினம். முதற் கேள்வி: இது பிழையாக இருந்தால் எமக்கு என்ன நட்டம்? நாயை ‘வா’ என்று அழைத்துப் பழக்கும் முறை பிழைத்தால் ஒரு கிழமை வீணாகும், அவ்வளவுதான். அயலவர் சொன்னபடி செய்து பார்க்கலாம். குட்டிக்குக் கொடுக்கும் புழு மருந்தின் அளவு பிழைத்தால் குட்டி சாகலாம். அதற்கு ஒருபடி மேலே போய் விசாரிக்க வேண்டும். நாய் கடித்த காயத்துக்குச் செய்யும் சிகிச்சை பிழைத்தால் பிள்ளை சாகும். அங்கே பரிசோதனைக்கு இடமே இல்லை.

விசர்நாய்க்கடி

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயைப் பற்றிய பிழையான ஆலோசனைகளுள் உயிரைக் குடிப்பவை பெரும்பாலும் இதைச் சார்ந்தவையே.

விசர்நோய் ஒரு வைரசினால் வருவது. அது நோயுற்ற மிருகத்தின் உமிழ்நீரில் இருக்கிறது. கடிக்கும்போது காயத்தினுள் சென்று, நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. மூளையை அடைந்து நோயின் குணங்குறிகள் தோன்றிய பின்னர் வைத்தியத்தால் செய்யக்கூடியது ஏதுமில்லை என்றே கொள்ள வேண்டும். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு நோய் தொற்றுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயிடமிருந்துதான். சந்தேகத்துக்குரிய மிருகங்களிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

எமது நாட்டில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைந்திருக்கிறது. நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி பெற முடிந்ததுமே இதற்குக் காரணம். இன்னும் இறப்பவர்கள் யார் என்று பார்த்தால், வைத்தியசாலைக்குப் போகாதவர்களும், பிந்திப் போனவர்களும், ‘குட்டிதானே, கீறல்தானே’ என்று விட்டவர்களும்தான் அதிகம்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது இதுதான். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லையென்றால் ஒருவர் வாளியால் வார்க்க, மற்றவர் கழுவலாம். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். பிள்ளை அழும், தாய்க்கு மனம் பொறுக்காது, இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்த வேண்டாம். சவர்க்காரம் அந்த வைரசை அழிக்க வல்லது. நீர் அதைக் கழுவி வெளியேற்றுகிறது. பின்னர் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் பூச வேண்டாம். இவை காயத்தைப் புண்ணாக்கி, வைரசை இன்னும் உள்ளே தள்ளவே உதவும். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போடுவதா, எப்போது போடுவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள்’ என்று பயந்து பிள்ளையை மறைத்து வைத்த பெற்றோரை நாம் அறிவோம். அந்தக் கதை பொய்யல்ல. முற்காலத்துத் தடுப்பு மருந்தை அப்படித்தான் வயிற்றில் போட்டார்கள். ஆனால் அந்த மருந்து போய் வெகு காலமாகிறது. இன்று போடப்படுவது கையில், சில தடவைகள் மட்டும். கடி கடுமையானதாயின் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் ஏற்றுவார்கள். ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, மாறிப்போன பின்னும் ஊரில் உலவிக்கொண்டிருக்கும் ஆலோசனைகளுக்கு இது நல்ல உதாரணம். ‘அப்போது அப்படி’ என்பவரிடம் ‘இப்போது எப்படி?’ என்று கேட்கத் தயங்கக் கூடாது.

இன்னொரு ஆபத்தான நம்பிக்கையும் உண்டு. “ஃபாதர், நாய் தண்ணி குடிக்குது, அப்ப அது விசரில்லைத்தானே?” என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகி நடுங்குவது நோய் கண்ட மனிதருக்கு ஏற்படும் குறி. நாய்க்கு அது இருக்க வேண்டுமென்பதில்லை. விசர் பிடித்த நாய் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைக்கவும் கூடும். நாயில் கவனிக்க வேண்டியவை வேறு: திடீரெனக் குணம் மாறுதல், காரணமின்றிக் கடித்தல், குரல் மாறுதல், வாய்நீர் வடிதல், கால் இடறுதல். சில நாய்கள் மூர்க்கம் காட்டுவதேயில்லை. மூலையில் ஒதுங்கிப் படுத்து, கீழ்த்தாடை தொங்கிப்போய்க் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதாக நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு செய்ய வேண்டாம். குணங்குறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே உமிழ்நீரில் வைரசு இருக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்வது வழக்கம். அது நாய்க்குச் செய்யும் அநியாயம் என்பது ஒருபுறமிருக்க, கடிபட்டவருக்கும் நட்டம். நாயைக் கட்டியோ அடைத்தோ வைத்து 14 நாட்கள் கவனிக்குமாறு சுகாதாரத் துறையினர் சொல்வது, அது சுகமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் வைரசு இருக்கவில்லை என்று கொள்ளலாம் என்பதற்காக. செத்த நாயைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்துக்கு அனுப்பித்தான் அறியலாம். ஆனால் நாயைக் கவனித்துவிட்டுப் பிறகு வைத்தியசாலைக்குப் போவோம் என்று காத்திருக்கலாகாது. முதலில் வைத்தியசாலை. ஊசியைத் தொடங்குவதா, நிறுத்துவதா என்பது அங்கே முடிவாகட்டும்.

‘எனக்குச் சுகப்பட்டது’

இனி, பிழையான ஆலோசனை ஏன் இவ்வளவு காலம் நிலைத்து நிற்கிறது என்பதைப் பார்ப்போம். இதை விளங்கிக்கொண்டால் மற்ற ஆலோசனைகளையும் எடைபோட வழி கிடைக்கும்.

நாய்க்கடிக்கு மருந்து கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முறிவு நெரிவுக்குக் கைராசிக்காரரான பரியாரிமார் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. இவரிடம் பத்து ஆண்டில் நூறு பேர் நாய்க்கடியோடு வருகிறார்கள் என்று வைப்போம். அந்த நூறு பேரைக் கடித்த நாய்களில் பெரும்பாலானவைக்கு விசர் இல்லை. அவை பயத்தில் கடித்தவை, குட்டியைக் காக்கக் கடித்தவை, வாலை மிதித்ததால் கடித்தவை. அந்த ஆட்களுக்கு ஒன்றுமே செய்யாவிட்டாலும் நோய் வராது. மெய்யாகவே விசர் நாய் கடித்த ஒரு சிலரிலும் எல்லோருக்கும் நோய் தொற்றுவதில்லை. கடி எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், உடுப்பின் மேலா வெறுந்தோலிலா என்பதைப் பொறுத்து அது மாறும். ஆகவே நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் ‘சுகப்பட்டு’ வீடு திரும்புவர். பரியாரி பொய் சொல்லவில்லை. அவர் கண்டதைத்தான் சொல்கிறார்.

தவறிப்போன அந்த ஓரிருவர் ஏன் அவர் கண்ணில் படவில்லை? நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் செல்லும்; சிலவேளை ஒரு வருடத்துக்கும் மேலாகலாம். அதற்குள் கடி ஆறிவிடும், குடும்பம் வேறு முகாமுக்கோ வேறு ஊருக்கோ போயிருக்கும், பிள்ளை எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கும். மருந்து கட்டியவருக்குச் சேதி வந்திராது. சுகப்பட்டவர்கள் வெற்றிலையோடு திரும்பி வந்து நன்றி சொல்வார்கள். இறந்தவர் வந்து முறைப்பாடு சொல்வதில்லை.

சொறிக்கும் இதே கதைதான். குட்டிப் பருவத்தில் முகத்திலும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாக மயிர் கொட்டும் ஒருவகைச் சொறி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியால் வருவது. சிறு அளவில் இருந்தால், குட்டி வளர்ந்து உடலுரம் பெற்றதும் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். இடையில் கழிவு ஒயிலைப் பூசியிருந்தால் பெயர் ஒயிலுக்குப் போகும். ஆனால் நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. ஒயில் தோலால் உள்ளே போகிறது, நாக்காலும் போகிறது. ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. உடம்பு முழுவதும் பரவி, வீட்டாருக்கும் கடியை உண்டாக்கும் வேறு சொறியும் உண்டு. அதற்குச் சரியான மருந்து இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய மிருக வைத்தியரின் கண் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் நாயும் இதே பிழையை விடுகிறது. ஒழுங்கையால் சைக்கிளில் ஒருவர் போகிறார். நாய் குரைக்கிறது. அவர் தன் பாட்டில் போய் மறைகிறார். நான் குரைத்துத்தான் அவரைத் துரத்தினேன் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. அடுத்த நாள் இன்னும் உரத்துக் குரைக்கும். அவர் எப்படியும் போயிருப்பார் என்பதை நாய்க்கு விளக்க முடியாது. எமக்கு விளங்கும். ஆகவே ‘எனக்குச் சுகப்பட்டது’ என்று எவராவது சொன்னால், ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அமைதியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அடித்துப் பழக்குவதா?

நாயை அடித்துத்தான் பழக்க வேண்டும் என்ற எண்ணம் எமது ஊர்களுக்கு மட்டும் உரியதல்ல. மேல்நாடுகளிலும் அது நெடுங்காலம் கோலோச்சியது. 1947 ஆம் ஆண்டில் றுடோல்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிற்சர்லாந்தின் பாசல் நகர மிருகக்காட்சிச்சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக ஓயாது சண்டையிடுவதாக எழுதினார். 1970 இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. ஓநாயின் வழித்தோன்றலே நாய். ஆகவே நாயை அடக்கி, நீதான் எசமான் என்று காட்ட வேண்டும் என்ற போதனை அங்கிருந்து கிளைத்து, புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் நிறைந்தது.

மீச் பின்னர் 1986 முதல் பல கோடைகாலங்கள் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு அருகிருந்து கவனித்தார். அங்கே கண்டது வேறு. ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். தலைமைக்கு அடிபாடு கிடையாது. பெற்றோர் நடத்த, பிள்ளைகள் பின்செல்கின்றன. தொடர்பில்லாத ஓநாய்களை ஒரே கூட்டில் அடைத்ததால் வந்த சண்டையைத்தான் முன்னையவர்கள் ஓநாயின் இயல்பு என்று நினைத்துவிட்டார்கள். அறிமுகமில்லாத பல குடும்பங்களை ஒரே மண்டபத்தில் அடைத்துவிட்டு, இவர்களின் இயல்பே சண்டைதான் என்று எழுதுவது போல என்று சொன்னால், முகாமில் இருந்த எமது மக்களுக்கு உடனே விளங்கும். 1999 இல் மீச் தமது திருத்தத்தை வெளிப்படையாக எழுதினார். எமது பார்வையில் நம்பத்தகுந்த ஆலோசகர் இப்படிப்பட்டவரே; புதிதாகக் கண்டதைக் கொண்டு தன் பழைய சொல்லைத் திருத்துபவர்.

அடி ஏன் பயன் தருவதில்லை என்பதற்கு எளிய காரணம் ஒன்றுண்டு. நாய் தான் செய்ததையும் அதனால் வந்ததையும் இணைத்துக்கொள்ள ஓரிரு வினாடிதான் உண்டு. காலையில் செருப்பைக் கடித்த நாயை மதியம் அடித்தால், அது செருப்பையும் அடியையும் சேர்த்துப் பார்க்காது. வீட்டுக்காரர் வரும்போது அடி விழும் என்றுதான் கற்றுக்கொள்ளும். ‘செய்த குற்றம் அதுக்குத் தெரியும், முகத்தைப் பாருங்கோ’ என்பார்கள். 2009 இல் வெளிவந்த அலெக்சாண்ட்ரா ஹொறோவிற்ஸ் என்பவரின் ஆய்வு இதைச் சோதித்தது. குற்றம் செய்யாத நாயையும் வீட்டுக்காரர் ஏசினால் அதே முகம்தான் வந்தது. அந்த முகம் குற்ற உணர்வல்ல. ஏச்சுக்கு அஞ்சும் முகம்.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் வடக்கில் மிதிவெடி தேட நாய்கள் கொண்டுவரப்பட்டதைச் சிலர் கண்டிருப்பீர்கள். இத்தகைய நாய்கள் வெடிமருந்தின் மணத்தைக் கண்டதும் அசையாமல் இருக்கப் பழக்கப்பட்டவை. சரியாகச் செய்தால் கிடைப்பது ஒரு பந்து விளையாட்டு, அல்லது ஒரு வாய் உணவு. அடிக்குப் பயந்து வேலை செய்யும் நாயை நம்பி எவரும் மிதிவெடி வயலில் கால் வைக்க மாட்டார்கள்.

எமது வளவுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. கருவாட்டுத் துண்டோ, ரொட்டிக் கரையோ போதும். குட்டி வரும்போது ‘வா’ என்று சொல்லி, வந்து சேர்ந்த அந்தக் கணத்திலேயே கொடுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும். அப்பா ‘வா’ என்றும், மகன் ‘இஞ்ச ஓடிவா’ என்றும், ஆச்சி ‘ச்சூ ச்சூ’ என்றும் அழைத்தால் நாய்க்கு மூன்று மொழி படிக்க வேண்டிவரும். குரைப்பை முற்றாக நிறுத்த வேண்டாம், அதற்காகத்தானே வளர்க்கிறோம். இரண்டு மூன்று தரம் குரைத்ததும் போய்ப் பார்த்து, ‘காணும்’ என்று சொல்லி, அமைதியானதும் கொடுங்கள். கோழியைத் துரத்தும் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிக்குச் சற்றுத் தள்ளி இருங்கள். அது கோழியை விட்டு உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு. நாளுக்கு நாள் கிட்டப் போகலாம்.

பிறந்து மூன்றாம் கிழமை முதல் பதினான்காம் கிழமை வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். பிள்ளைகள், ஆடு, கோழி, சைக்கிள், குடையோடு வரும் ஆள் எல்லாவற்றையும் அந்நாட்களில் பயமின்றிக் கண்டு பழகிய நாய், பிறகு காரணமின்றிக் கடிப்பது குறைவு. ஆனால் எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பட்டினியும் சங்கிலியும் மிளகாயும் காவல் நாயை உண்டாக்குவதில்லை. அவை உண்டாக்குவது பயந்த நாயை. பயந்த நாய் கள்ளனைக் கண்டு ஒதுங்கும், வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பகலில் கட்டத்தான் வேண்டுமென்றால் நிழலில், நீளக் கயிற்றில், பக்கத்தில் தண்ணீரோடு கட்டி, இரவில் அவிழ்த்து விடுங்கள். சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டுப் பராமரிப்பில் சில

எமது சோறும் மீன்தலையும் ஊர் நாய்க்குப் போதும். கடையில் விற்கும் உணவு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்; கறி மிச்சத்தைக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பயிருக்கு அடிக்கும் மருந்தில் நாயைக் குளிப்பாட்டினால் உண்ணியோடு நாயும் போகும். உண்ணியைக் கையால் பிடுங்குவதே மேல். நாய்க்கென்று விற்கும் மருந்தும் உண்டு. மாட்டுக்கு வாங்கிய புழு ஊசியின் மிச்சத்தை மட்டுக்கட்டி நாய்க்கு ஏற்றுவோரும் இருக்கிறார்கள். மருந்து சரியானதாகவே இருக்கலாம், அளவு கொல்லும்.

புழு மருந்தைக் குட்டியின் முதல் மாதங்களில் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். இது பிள்ளைகளுக்காகவும்தான். நாயின் கொக்கிப்புழுக்களில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரிலேயே சிலோன் இருக்கிறது. 1911 இல் இத்தீவிலிருந்து எடுத்த புழுவைக் கொண்டு அப்பெயர் வைத்தார்கள். அது மனிதர் குடலிலும் வாழ வல்லது. செருப்பின்றி முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் பாதம் அதற்கு நல்ல வாசல்.

பெட்டைக்குட்டிகளைச் சந்தியில் விடும் வழக்கம்தான் தெருநாய்களைப் பெருக்குகிறது. சினை ஏறத்தாழ 63 நாள். வருடத்தில் இரு தடவை ஈனும். கருத்தடை செய்த நாய் காவலில் சோர்ந்து போகும் என்பது ஆதாரமற்றது. ஒருமுறை ஈன்ற பின்னரே செய்ய வேண்டும் என்பதும் அவ்வாறே. கருத்தடை முகாம் உங்கள் பக்கம் நடந்தால் தவறவிட வேண்டாம்.

அப்படியானால் யாரிடம் கேட்பது? விசர்நாய்க்கடிக்கு வைத்தியசாலையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். நாயின் நோய்க்கு அரச மிருக வைத்தியர். பேராதனையில் படித்துப் பதிவு பெற்றவர். அவர் தூரமென்றால் உங்கள் பகுதிக் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரைக் கேட்கலாம். அவர் மாடு பார்க்க வரும் நாளில் நாயைப் பற்றியும் கேட்பதில் குறையில்லை. பழக்குவதற்கு, ஊரில் எவருடைய நாய் அமைதியாக இருந்து தேவையான நேரம் மட்டும் குரைக்கிறதோ அவரைக் கேளுங்கள். பேச்சைப் பார்க்க வேண்டாம், நாயைப் பாருங்கள். நாயின் வயது, தீன், எப்போதிருந்து என்று விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் மருந்து சொல்பவரிடம் கவனமாயிருங்கள். தானே விற்கும் மருந்தைத் தவிர வேறொன்றும் சரிவராது என்பவரிடம் இரு மடங்கு கவனம் தேவை. ‘எனக்குத் தெரியாது, டொக்டரிட்டைக் காட்டுங்கோ’ என்று சொல்லும் அயலவரின் மற்றச் சொற்களுக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

நாய்களுக்கான தடுப்பூசி நாள் ஊருக்கு அறிவிக்கப்படும்போது கூலி வேலையை அரை நாள் விட்டாவது நாயைக் கொண்டு செல்லுங்கள். 1893 ஆம் ஆண்டுச் சட்டம் முதற்கொண்டு விசர்நோயைத் தடுப்பது இந்நாட்டில் சட்டப்படியான கடமையுமாகும். ஒருமுறை போட்டால் போதாது, ஆண்டுதோறும் போட வேண்டும். குட்டிக்கு எப்போது தொடங்குவது, எப்போது திரும்பப் போடுவது என்று ஊசி போடுபவரிடமே கேட்டு அட்டையில் எழுதுவியுங்கள். அந்த அட்டையைக் குடும்ப அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் யாரையாவது கடித்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.